11-ஐத் தாண்டாத இணைய வேகம்

கும்பகோணத்தில் மாமா நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் 300 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. எந்தக் கோப்பை இறக்கினாலும் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. "300க்குக் காசு வாங்கிட்டு 11 தர்றான் பாரு மாப்ளே" என்று கொதித்தார். முகூர்த்த மாதம் வேறு.

நிறுவனம் பிட்டில் சொல்லும், கணினி பைட்டில் காட்டும். 8 பிட் ஒரு பைட். 300ஐ எட்டால் வகுத்தால் 37.5. தரவோடு ஒட்டிப்போகும் முகவரி விவரங்களுக்கும், விண்டோஸ் 1000க்குப் பதில் 1024 என்று எண்ணுவதற்கும் கழித்தால் 34 வரவேண்டும்.

சரி, 11 எங்கிருந்து? திருப்பிப் பெருக்கினால் 88. கழித்ததைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 100. அதுதான் துப்பு. இணைப்பில் எங்கோ ஓரிடம் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ரூட்டர், கணினி இரண்டிலும் கிகாபிட் போர்ட்தான், அதாவது 1000 மெகாபிட் தாங்கும். மிச்சம் இரண்டையும் இணைக்கும் லேன் கேபிள். கிகாபிட்டுக்கு அதற்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கே போதும். பார்த்தால், மேசைக்கடியில் நசுங்கிய முனையில் பழுப்புக் கம்பி விட்டிருந்தது.

முனையை வெட்டிப் புது கனெக்டரை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்தேன். விண்டோஸின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 100 போய் 1000 வந்தது. டவுன்லோடு 33, 34 என்று ஓடியது. அப்புறம் மாமா அப்லோடு வேகத்தைப் பற்றி ஆரம்பித்தார்.