முதல் ஓஃப்-ரோட் ட்ரையத்லன்: திருகோணமலையில் பயிற்சி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நேரக் கணக்கை நிறுத்தாமல் முடிப்பது ட்ரையத்லன். அதையே தார் வீதியை விட்டுவிட்டு மணல், கல், காட்டுப்பாதை வழியே செய்தால் ஓஃப்-ரோட் ட்ரையத்லன். 1996இல் ஹவாயின் மௌயி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா போட்டிதான் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. அதன் முழுத் தூரம் ஏறத்தாழ 1.5 கி.மீ. நீச்சல், 30 கி.மீ. மௌன்டன் பைக், 10 கி.மீ. ஓட்டம். இதில் பாதியளவு தூரம் கொண்ட ஸ்பிரிண்ட் பிரிவும் பல போட்டிகளில் உண்டு. முதல் தடவை என்றால் அதில் பெயர் கொடுங்கள். முழுத் தூரம் அடுத்த வருடமும் இருக்கும்.

வெளிநாட்டில் நடக்கும் போட்டியோ, இங்கே நண்பர்கள் சேர்ந்து நடத்தும் போட்டியோ, பயிற்சிக்குத் திருகோணமலையை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். உப்புவெளியில் நீந்தி எழும்பினால், கன்னியா பக்கம் சைக்கிளில் போய்த் திரும்ப ஒரு காலை போதும். ஆனால் இங்கே பயிற்சி எடுக்கும் பலர் உடம்பை மட்டும் தயார் செய்கிறார்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடினோம், எத்தனை தடவை நீந்தினோம் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மணலில் டயர் எப்படி நடந்துகொள்கிறது, எந்தக் கல்லில் பிரேக் பிடிக்கக் கூடாது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. முதல் போட்டியில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மூச்சுப் போதாமை இல்லை, இந்த அறிவு இல்லாமைதான்.

கடலில்

நீச்சல் தடாகத்தில் மட்டும் பழகிவிட்டுப் போட்டியன்று கடலைச் சந்திப்பதுதான் பெரிய தவறு. தடாகத்தில் அடியில் கோடு இருக்கும், 25 மீற்றருக்கு ஒரு சுவர் வரும். கடலில் இரண்டும் இல்லை. நிமிர்ந்து பார்க்காமல் நீந்துகிறவர் தன்னை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போவார், தூரம் தேவையில்லாமல் கூடும். ஆறேழு கைவீச்சுக்கு ஒரு தடவை முன்னால் பார்க்கப் பழகுங்கள். கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் போய்விடும்.

எதைப் பார்ப்பது? மிதவை சின்னது, அலைக்குள் மறைந்துவிடும். அதற்குப் பின்னால் கரையில் இருக்கும் பெரிய பொருள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புவெளியிலிருந்து தெற்கே நீந்தும்போது கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை நேரே தெரியும். பழகுவதற்கு அதை விட நல்ல குறி வேண்டியதில்லை. அதே நீச்சலில் இன்னொன்றும் படிக்கலாம். காலை வெயில் இடப்பக்கக் கடலிலிருந்து கண்ணுக்குள் அடிக்கும். இடப்பக்கம் மட்டும் மூச்செடுக்கத் தெரிந்தவர் குருடாகத்தான் நீந்த வேண்டும். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகுவது இதற்காகத்தான்.

இங்கத்தைய கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கடல் சாதுவாக இருக்கும். அந்தச் சாதுத்தனத்தை நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில் வீசுவது கச்சான், தரையிலிருந்து கடலை நோக்கி வரும் காற்று. கரையோரத்தில் அலையே இருக்காது. ஆனால் அந்தக் காற்று மேல்தண்ணீரை வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் கை ஓயும். ஆகவே கரையை விட்டு நேரே உள்ளே போகாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள். காற்று எழும்ப முன்னர், விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி வாடைக்காலத்தில் இந்தக் கடலில் பயிற்சியே வேண்டாம்.

தனியாக இறங்காதீர்கள். நிறமான தொப்பியும் இடுப்பில் கட்டி இழுக்கும் மிதவையும் இல்லாமலும் இறங்காதீர்கள். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போய்வரும் போட்டுகளின் பாதையில் நீந்துவது சொந்த உயிரோடு விளையாடுவது. இன்னொரு விஷயம் கரைவலை. வலை வளைத்திருக்கும் நேரம் அதன் கயிறு தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும், நீந்துகிறவருக்குத் தெரியாது. கரையில் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். “தம்பி, இஞ்சால வலை கிடக்குது, அங்கால போய் நீந்துங்கோ” என்று கையைக் காட்டிச் சொல்வார்கள். நீரோட்டம், சொறிமுட்டை (ஜெலிமீன்) எல்லாவற்றையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது.

போட்டி தொடங்கும் நிமிடத்தில் நெஞ்சு இறுகுவது புதியவர்களுக்குச் சாதாரணம். சுற்றிவரக் கை, கால், நுரை. இதற்கு முதல் காரணம் முன் வரிசையில் போய் நிற்பது. பின்னால், ஓரமாக நில்லுங்கள். பத்து விநாடி தாமதித்து இறங்கினால் உங்களுக்கு ஒன்றும் குறையாது. மூச்சுத் திணறினால் மல்லாந்து படுத்து நீளமாக மூச்சை விடுங்கள். பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு: மிதவையையோ நிற்கும் பாதுகாப்புப் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இளைப்பாறியும் மூச்சு சரிவரவில்லை அல்லது நெஞ்சு வலிக்கிறது என்றால் கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். போட்டி அதோடு முடியட்டும்.

கடலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில்

ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளில் கை வைக்கக் கூடாது. இறங்கிய பிறகும், சைக்கிளைத் தாங்கியில் வைத்தபின்தான் வாரைக் கழற்றலாம். அவசரத்தில் இதை மாற்றிச் செய்து தண்டனை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு. வீட்டு முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

அடுத்தது மணல். ஈரக் காலில் ஒட்டிய மணலோடு சப்பாத்துக்குள் காலை விட்டால், ஓட்டத்துக்கு வரும்போது குதிக்காலில் கொப்புளம் எழும்பியிருக்கும். ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் ஒரு பழைய துவாயும் போதும். விரல் இடுக்குகளைக் கழுவித் துடைத்து, மேஸ் போட்டுக்கொள்ள அரை நிமிடம் செல்லும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் கடைசி இரண்டு கிலோமீற்றரை நொண்டிக்கொண்டு முடிப்பார்கள். பெடலில் பூட்டும் சப்பாத்து முதல் போட்டிக்குத் தேவையில்லை. தட்டையான பெடலும், சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே சப்பாத்தும் போதும்.

சைக்கிளில்

போட்டி நேரத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இங்கேதான் போகும். நேரம் இழப்பதும் விழுவதும் இங்கேதான் அதிகம்.

டயரைக் கல் மாதிரி இறுக்கிக் காற்றடிப்பது நம் ஊர்ப் பழக்கம். கடையில் கொடுத்தாலும் அப்படித்தான் அடித்துத் தருவார்கள், தார் வீதிக்கு அது சரி. கல்லிலும் மணலிலும் அந்த டயர் துள்ளும், வழுக்கும். டியூப் போட்ட அகல டயருக்கு, 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்கிப் பார்க்கலாம். முன் டயரில் அதை விடக் கொஞ்சம் குறைவாக. மிகவும் குறைத்தால் இன்னொரு தொல்லை. கல்லில் மோதும்போது டயருக்கும் றிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை விழும். டியூப்பைக் கழற்றிப் பாருங்கள். இரட்டைத் துளை என்றால் காற்றுப் போதவில்லை, ஒற்றைத் துளை என்றால் முள். நெருஞ்சி முள் காய்ந்த பாதையில் ஒரு சுற்று வந்தாலே டயரில் நாலைந்து ஏறியிருக்கும். டியூப் மாற்றும்போது டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, எல்லா முள்ளையும் எடுத்த பிறகுதான் புது டியூப்பைப் போட வேண்டும். ஒன்று மிச்சம் இருந்தாலும் அடுத்த வளைவுக்குள் மறுபடி காற்றுப் போய்விடும். டியூப்பும் பம்பும் டயர் நெம்பியும் உங்கள் கையில் இருக்கட்டும், மாற்றவும் நீங்களே பழகியிருக்க வேண்டும். போட்டியில் வெளியாள் வந்து திருத்திக் கொடுக்க முடியாது.

முன் பிரேக் எந்தக் கையில் என்று பாருங்கள். சைக்கிள் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து வலமும் இடமும் மாறும். இரவல் சைக்கிளில் பங்குபற்றுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், கிரவல் வளைவில் முன் பிரேக்கை அழுத்திச் சில்லு வழுக்கி விழுவார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

மணல் வருவதைக் கண்டால் அதற்குள் நுழைய முன்னரே இலேசான கியருக்கு மாறுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், கையைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் நேரே போங்கள். ஹாண்டிலை வெட்டித் திருப்பினால் முன்சில்லு புதைந்துவிடும். சாம்பல்தீவுப் பக்கத்து மணலில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். எவ்வளவு செய்தும் போக முடியாத இடம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். விதி அதற்கு இடம் கொடுக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. முன்னணி வீரர்களே செங்குத்தான ஏற்றங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

பயிற்சிப் பாதையைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். கந்தளாய், மொறவெவப் பக்கக் காட்டோர வழிகளில் யானை உண்டு. விடியப்புறமும் மாலைக் கருக்கலிலும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், பகலிலும் தனியாக வேண்டாம். படை முகாம் எல்லைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள்.

சாப்பாடும் வெயிலும்

போட்டிக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னர் இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும், அல்லது பாணும் கதலிப் பழமும் போதும். பயறு, கடலை, உறைப்புச் சம்பல் எல்லாம் அடுத்த நாளைக்கு. புதுச் சாப்பாடு, புது எனர்ஜி ஜெல், புதுச் சப்பாத்து எதையும் அன்றைக்குப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

தண்ணீரில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமல் விடுவது ஒன்று. பயத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்து இரத்தத்தில் உப்பைக் குறைத்துக்கொள்வது மற்றது, இது உயிருக்கே ஆபத்து. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறது. எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். நீண்ட நேரத்துக்கு ஒரு போத்தலில் வெறும் தண்ணீரும், மற்றதில் பக்கற்றில் சொன்ன அளவுப்படி கரைத்த ஜீவனியும் (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) வைத்துக்கொள்வது நல்லது.

ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் இறங்கிய மூன்றாம் நாளே வெயிலில் வேகமாக ஓடப் பார்க்கிறார்கள். சூட்டுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். முதல் வாரம் குறைந்த வேகம், குறைந்த நேரம். நடுக்கம், தலைச்சுற்று, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே நிழலுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்த்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஓட்டம்

சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் பத்து நிமிடம் கால் உங்களுடையதாகவே இருக்காது. வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிள் ஓட்டிய கையோடு 15 நிமிடம் ஓடிப் பழகினால் இது அதிர்ச்சியாக இராது. காட்டுப் பாதையில் காலடியைப் பார்த்து ஓடாதீர்கள், மூன்று நான்கு எட்டுக்கு அப்பால் பாருங்கள். கடற்கரையில் ஈரமணல் ஓடச் சுலபம்தான், ஆனால் சரிவாக இருக்கும். ஒரே திசையில் நெடுக ஓடினால் ஒரு பக்க முழங்கால் வலி எடுக்கும், ஆகவே போன வழியாலேயே திரும்பி வாருங்கள்.

முடித்த பிறகு

கிரவலில் சிராய்த்த காயத்தை மஞ்சள் அப்பி மூடிவிடாதீர்கள். ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் மண் போகும்வரை கழுவி, ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளையும் மறக்க வேண்டாம். கடற்கரை மணலும் உப்பும் செயினுக்குள் ஏறியிருக்கும். அன்று பின்னேரமே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு ஒரு சுற்று எண்ணெய் விடுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் துரு முந்திவிடும்.