வேலை போன முதல் வாரம்: ரெஸ்யூமேக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

"நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க, உங்க ரெக்கார்டுக்கு நல்லது" என்பார் எச்.ஆர். அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்துவிட்டு நாளைக்கு மெயிலில் பதில் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் வழி மிகவும் குறுகிவிடும். தொழிலாளர் சட்டத்தின் 'தொழிலாளி' வரையறைக்குள் வருபவர் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கேட்கலாம். மேனேஜர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஆஃபர் லெட்டரில் உள்ள நோட்டீஸ் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். ராஜினாமா கொடுத்தே தீர வேண்டுமென்றால், "நிறுவனம் கேட்டுக்கொண்டதால்" என்ற வரியாவது அதில் இருக்கட்டும்.

பேஸ்லிப்கள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான ஆண்டுச் சான்று), அப்ரைசல் கடிதங்களை அன்றே சொந்த மெயிலுக்கு எடுத்துவிடுங்கள். மாலையில் லாகின் போய்விடும். கிளையன்ட் ஃபைல், கோட் எதையும் தொட வேண்டாம். அதை வைத்தே செட்டில்மென்ட்டை இழுத்தடிப்பார்கள்.

பதற்றத்தில் பலரும் முதலில் கை வைப்பது பி.எஃப். பணத்தில். 5 ஆண்டு சேவை முடியாமல் எடுத்தால் பொதுவாக வரி உண்டு; 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதத்தை டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) என்று பிடிப்பார்கள். பென்ஷனுக்கு 10 ஆண்டு சேவை தேவை. பி.எஃப்.பில் உள்ள பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்தச் சேவைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. 5 ஆண்டு முடித்தவருக்கு கிராஜுட்டி (பணிக்கொடை) தனியாக வரும்: கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆலும் சேவை ஆண்டுகளாலும் பெருக்குங்கள். 52,000 ரூபாய், 6 ஆண்டு என்றால் 1,80,000.

கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி நாளோடு முடியும். அதற்குள் அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தால், சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

வீட்டில் அன்றே சொல்லிவிடுங்கள், தொகையோடு. கையிருப்பை மாதச் செலவால் வகுத்து, "ஏழு மாசம் ஓடும்" என்று சொன்னால் பேச்சு அழுகையில் நிற்காது. தினமும் பேக் மாட்டிக்கொண்டு பார்க்கில் போய் உட்காருவது இரண்டு வாரத்துக்குமேல் தாங்காது.

மனம் தளர்வதற்கு ஒரு முக்கியக் காரணம், செய்த வேலையே மறந்துபோவது. நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதுங்கள்: எந்த ரிப்போர்ட்டை எத்தனை மணி நேரத்திலிருந்து எத்தனையாகக் குறைத்தீர்கள், எத்தனை பேரைப் பழக்கிவிட்டீர்கள். ரெஸ்யூமேவும் பாதி அதிலேயே எழுந்துவிடும். ஒரே ரெஸ்யூமேயை ஐம்பது இடத்துக்குத் தட்டிவிடுவதைவிட, விளம்பரத்தைப் படித்துத் திருத்திய மூன்றும், பழைய டீம்மேட்டுக்கு ஒரு போனும் மேல். "ஏன் விட்டீர்கள்?" என்றால், "புராஜெக்ட் முடிந்தது, டீமைக் குறைத்தார்கள். அதன்பின் இதைக் கற்றுக்கொண்டேன்" போதும். பழைய மேனேஜரைப் பற்றி ஆரம்பித்தால் இன்டர்வியூ அங்கேயே முடிந்தது.

புது வேலையில் சேர்ந்ததும், அதே நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தைப் புது கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விட்டால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை (சம்பளக்காரர்களுக்கான நிலையான வரிக்கழிவு) இரண்டு கம்பெனியும் கழித்துவிடும். ரிட்டர்ன் போடும்போது குறைவாகப் பிடித்த வரி வட்டியோடு உங்கள் தலையில் விழும்.