வெறுங்காலா, சப்பாத்தா? உப்புவெளி மணலில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு படித்த பாடம்

போன வருடம் கச்சான் காற்று அடித்த மாதங்களில் எனக்கு ஒரு விசித்திர வருத்தம். படி ஏறலாம், இறங்கத்தான் ஏலாது. வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி ஏற்றுவதுபோல் குத்தும். இடது காலுக்கு ஒன்றுமே இல்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் ஓடத் தொடங்கி அப்போது மூன்று கிழமைதான். "வெறுங்கால் ஓட்டம் உனக்குச் சரிவராது" என்றார்கள் வீட்டில். "இத்தனை வருசமும் சப்பாத்துதான் உன்ர காலைக் கெடுத்தது, விடாத" என்றான் கூட ஓடும் நண்பன். இரண்டு பேரும் பிழை. காரணம் கீழே "படி 3" இல் வருகிறது, பொறுங்கள்.

நிற்காமல் 3 கிலோமீற்றர் மெதுவாக ஓடத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அது இன்னும் வராதவர்கள் ஓடியும் நடந்தும் ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள்.

வெறுங்கால் கட்சிக்காரர்கள் எல்லாரும் அபேபே பிகிலாவைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியாவின் பிகிலா மரதனை வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் தங்கம் எடுத்தார். உண்மை. அதே மனிதர் 1964 டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி 2 மணி 12 நிமிடத்தில் மறுபடியும் தங்கம் எடுத்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. 2010 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் லீபர்மன் குழு வெளியிட்ட ஆய்வும் அடிக்கடி வரும். சிறு வயதிலிருந்து வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் குதியில் விழும் அந்தத் திடீர் அடி குறைகிறது என்று அதில் இருக்கிறது. காயம் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. குதியிலிருந்து எடுத்த சுமை எங்கேயும் ஆவியாகிப் போவதில்லை, கெண்டைக்காலுக்கும் அதைக் குதியோடு இணைக்கும் தசைநாணான குதிநரம்புக்கும் போகிறது. சப்பாத்துப் போட்டே வளர்ந்த காலுக்கு அது புதுச் சுமை.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெருகல் தாண்டி வெறுங்காலோடுதானே நடக்கிறார்கள் என்று அம்மா கேட்டார். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் நிலத்தில் இருக்கும் அம்மா. ஓடும்போது இரண்டும் எழும்பும். இறங்குகிற ஒவ்வொரு தடவையும் உடம்பு நிறையைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஒற்றைக் காலில் விழும்.

படி 1: சப்பாத்து

வெறுங்காலோடு ஓட ஆசைப்பட்டாலும் முதலில் ஒரு நல்ல சோடி வேண்டும். தார் றோட்டில் நீங்கள் அதோடுதான் ஓடப் போகிறீர்கள். பொழுதுபடக் கடைக்குப் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடப் போடும் சொக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். என் முதல் சோடியை அலுவலகச் சப்பாத்தின் அளவிலேயே வாங்கினேன், இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன.

சப்பாத்து அடியின் குதிப் பக்கத்துக்கும் முன்பாதப் பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். வழமையான ஓட்டச் சப்பாத்துகளில் 8 முதல் 12 மில்லிமீற்றர் இருக்கும். புதியவருக்கு 8 போதும் என்பது என் கருத்து. தட்டையான, வித்தியாசமே இல்லாத சோடியை முதல் சோடியாக வாங்காதீர்கள், அது வெறுங்காலுக்குக் கிட்டத்தட்டச் சமன். காபன் தகடு வைத்த பந்தயச் சப்பாத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். பெயர்போன சோடியைப் போலச் செய்த கொப்பிச் சப்பாத்தும் வேண்டாம், எனக்கு ஒன்று கிடைத்தது, மூன்றாம் நாள் அடி வாய் பிளந்தது.

படி 2: கயிறு

மேலே கணுக்காலுக்குக் கிட்ட ஒரு மேலதிக ஓட்டை இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டு போகாமல், அதே பக்கத்து மேல் ஓட்டைக்குள் செருகி ஒரு சின்ன வளையம் விடுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. பிறகு இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதி உள்ளே ஆடாது, கொப்புளமும் குறையும்.

படி 3: மணலில் வெறுங்கால்

நான் சறுக்கிய இடம் இதுதான்.

விடிய 5.30க்கு ஆலஸ் தோட்டப் பக்கமிருந்து தொடங்கி, கடல் வலதுகைப் பக்கம் இருக்க, வடக்கே சல்லி நோக்கி ஓடுவேன். வெயில் ஏற முன்னம் றோட்டுக்கு ஏறி ஓட்டோவில் வீட்டுக்கு. சொகுசான ஏற்பாடு. கடற்கரை தட்டையான தரை இல்லை, கடலுக்குச் சரிந்திருக்கும் தரை என்பது மூன்று கிழமையாக என் மண்டையில் ஏறவே இல்லை. வடக்கே மட்டும் ஓடினால் வலது கால் ஒவ்வொரு அடியும் பள்ளத்தில், இடது கால் மேட்டில். ஒரு நாள் ஈர மணலில் என் காற்தடங்களைத் திரும்பிப் பார்த்தேன். இடது தடம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. வலது தடத்தில் வெளி விளிம்பு மட்டும் ஆழமாக வெட்டியிருந்தது, பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில் மணல் கலையவே இல்லை. முழங்கால் ஏன் வெளிப்பக்கம் நொந்தது என்று அந்த நிமிடம் விளங்கியது.

ஆகவே:

போன அதே தூரம் மணலாலேயே திரும்பி வாருங்கள். நான் இப்போது 300 மீற்றருக்கு ஒரு தடவை திரும்புகிறேன், பார்க்கிறவர்களுக்கு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் இருக்கும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓடுங்கள். எங்கள் பக்கம் வற்றும் பெருக்கும் குறைவு என்பதால் அந்த இறுகிய பட்டி ஒடுக்கம். அது மிகவும் சரிந்திருக்கிற நாளில் சப்பாத்தோடு றோட்டுக்குப் போங்கள். காய்ந்த மணலில் ஓடினால் குதி புதைந்து குதிநரம்பு இழுபடும்.

கரைவலை இழுக்கிற நேரம் கயிறு கரைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் நிற்கும். இருட்டில் தெரியாது. அந்த இடத்தில் நடந்து, வலைக்காரருக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். அவர்களுக்கு அது தொழில்.

படி 4: எவ்வளவு?

ஐந்து நிமிடம். கிழமைக்கு இரண்டு நாள், சப்பாத்தோடு ஓடி முடித்த பிறகு. அவ்வளவுதான். நுரையீரல் "இன்னும் ஓடு" என்று சொல்லும், ஏனென்றால் அது ஏற்கெனவே பழகியது. கெண்டைக்கால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது, அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்கும்போதுதான் சொல்லும். முதல் நாளே நான் 4 கிலோமீற்றர் ஓடிவிட்டு, மூன்று நாள் வாத்து மாதிரி நடந்தேன். நோ முழுதாகப் போன பிறகுதான் அடுத்த தடவை. கிழமைக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று குதியை 25 தடவை தூக்கி இறக்க முடியாதவர் வெறுங்காலோடு ஓடத் தயாரில்லை.

அடியைக் குறுக்குங்கள். வலது கால் நிலத்தில் படுவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், 85 அளவில் வந்தால் நல்லது. முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்று நுனிக்காலில் ஆடாதீர்கள், குதியும் மெதுவாக நிலத்தைத் தொட்டுப் போகட்டும்.

மற்றச் சாமான்கள்

பருத்திச் சொக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும், நைலோன் கலந்தது நல்லது. தொடை உரசும் இடத்துக்கு வாசிலின். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புப் பொடி) பைக்கற்றைப் பொதியில் எழுதிய அளவு தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாக ஊற்றாதீர்கள். கைக்கடிகாரம் சாதாரணமானது போதும். தலையில் கட்டும் சின்ன ரோர்ச் ஒன்று, அதுதான் நான் காசு கொடுத்து வாங்கியதில் உருப்படியானது.

பின்னர் சேர்த்தது: சீனி வருத்தம் உள்ள வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அண்ணை, உங்களுக்கு வெறுங்கால் வேண்டவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சிப்பி வெட்டியதே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். மற்றவர்கள் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு ஏறி இறங்கும் ஒழுங்கைகளில் நெருஞ்சி முள் இருக்கிறது, அந்தத் துண்டுக்குப் பாட்டா செருப்பைக் கையில் கொண்டு போங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய, போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்த சப்பாத்து முதல் ஓட்டத்திலேயே அடி பொடிப்பொடியாக உதிர்ந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். சில சப்பாத்துகளின் அடி பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். போட்டாலும் போடாவிட்டாலும் ஈரப்பதனில் அது காலப்போக்கில் உக்கிவிடும், கடலோரத்தில் சொல்லவே வேண்டாம். பழைய சோடியைப் போட முன்னம் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்தால் எறியுங்கள்.

மாரி காலத்தில் நனைந்த சப்பாத்தை அடுப்படியிலோ உச்சி வெயிலிலோ வைக்காதீர்கள், பசை விட்டுப் போகும். உள் அட்டையைக் கழற்றிவிட்டுப் பேப்பரைக் கசக்கி அடைத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை மாற்றுங்கள். ஞாயிறு பேப்பர்தான் தோது, பக்கம் கூட.