கூகுள் டிரெண்ட்ஸ்: மொரீஷியஸ் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவில் கமிட்டிக் கூட்டமாகட்டும், மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துபவர்களின் கூட்டமாகட்டும், இப்போதெல்லாம் யாராவது ஒருவர் செல்போனை நீட்டி கூகுள் டிரெண்ட்ஸ் கிராஃப் ஒன்றைக் காட்டிவிடுகிறார். "பாருங்கள், காவடியைப் பற்றி யாரும் தேடுவதே இல்லை, இளைஞர்களுக்கு ஆர்வம் போய்விட்டது" என்பார். இல்லையென்றால் இதற்கு நேர்மாறாக, "உலகத்திலேயே நம் தீவுதான் முதலிடம்" என்று ஒரு பெருமை. இரண்டுமே பெரும்பாலும் தப்பு. அந்தத் தப்பை நம்பி வகுப்பை மூடவும், விழாவைச் சுருக்கவும், கடைக்கு வரும் சரக்கைக் குறைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கருவி மோசமில்லை. 2006-இல் வந்த இந்த இலவசச் சேவை, 2004 முதல் கூகுளில் நடந்த தேடல்களின் போக்கைக் காட்டுகிறது. பணம் செலவழித்து கருத்துக்கணிப்பு நடத்த வழியில்லாத ஒரு சிறு சங்கத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் இந்தியா, அமெரிக்கா போன்ற பெரிய நாடுகளுக்குப் படிப்பதைப்போல இதை மொரீஷியஸுக்குப் படிக்க முடியாது. சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர், வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, அலுவலகத்தில் ஆங்கிலம், கோவிலில் தமிழ் என்று வாழ்கிற ஊர் இது.

நூறு என்பது எண்ணிக்கை அல்ல

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். கிராஃபில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண், எத்தனை பேர் தேடினார்கள் என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், அந்த நேரத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். பங்கு மிக அதிகமாக இருந்த தருணத்துக்கு 100 போட்டு, மற்றதை எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி குறைக்கிறார்கள். 50 என்றால் உச்சத்தில் பாதி. 0 என்றால் ஒருவரும் தேடவில்லை என்று பொருள் அல்ல; காட்டும் அளவுக்குத் தரவு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காலத்தில் தீவில் வாரத்துக்கு 20,000 தேடல்கள், அதில் காவடி பற்றி 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு 1 சதவீதம். பிற்பாடு எல்லார் கையிலும் போன் வந்து மொத்தத் தேடல் 1,00,000 ஆகிறது. காவடித் தேடலும் 500 ஆகிறது. பங்கு 0.5 சதவீதம். கிராஃபில் பழைய வாரம் 100, புதிய வாரம் 50. தேடியவர்கள் இரண்டரை மடங்கு கூடியிருக்கிறார்கள், கிராஃப் பாதியாகச் சரிந்திருக்கிறது! 2004-இல் இணையம் யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்று யோசித்தாலே போதும். பத்து, பதினைந்து வருடக் கிராஃபைக் காட்டி "பண்பாடு தேய்கிறது" என்று சொல்பவரிடம் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்காட்ட வேண்டும்.

பங்கு என்பதால் இன்னொன்றும் நடக்கும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலால் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி நாளில் ஊரே புயல், மழை, மின்சாரம், சாலை என்று தேடும். அப்போது மற்ற எல்லாச் சொற்களின் பங்கும் தானாக இறங்கும். அதே மாதம் 25-ஆம் தேதி காவடி, அதாவது தைப்பூசம். அந்த மாதத்தின் எண்ணை வேறொரு வருடத்தோடு ஒப்பிட்டால், பக்தி குறைந்ததாகத் தெரிவதில் புயலுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

நீண்ட காலக் கிராஃபில் சில இடங்களில் 'குறிப்பு' என்று சிறு எழுத்தில் இருப்பதையும் கவனியுங்கள். 2016 ஜனவரியிலும் 2022 ஜனவரியிலும் தரவு சேகரிக்கும் முறையைக் கூகுள் மாற்றியது. அந்தத் தேதிகளை ஒட்டி ஒரு ஏற்றமோ இறக்கமோ இருந்தால், மக்கள் மாறியதால் வந்ததா, முறை மாறியதால் வந்ததா என்று கேட்க வேண்டும்.

நம் பண்டிகை ஆங்கில மாதத்தில் நிற்காது

2004 முதல் இன்று வரை என்று போட்டால் கிராஃபில் மாதத்துக்கு ஒரு புள்ளிதான் வரும். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டவர் 2025-இல் ஆர்வம் விழுந்துவிட்டது என்றுதான் சொல்வார். விழுந்தது ஒன்றுமில்லை, பௌர்ணமி தள்ளி வந்தது. 2026 இன்னும் சிக்கல்: தைப்பூசம் பிப்ரவரி 1. கொடியேற்றம், பத்து நாள் விரதம், அப்போது வருகிற சந்தேகங்கள் எல்லாம் ஜனவரிக் கணக்கில் போய்விடும். பண்டிகை நாள் மட்டும் பிப்ரவரியில். தீபாவளி, வருகிற தேதியைப் பொறுத்து அக்டோபரிலும் நவம்பரிலும் மாறி மாறி இதையே செய்யும்.

இதற்கு வழி எளிது. ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வாரத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும், 90 நாளுக்கு எடுத்தால் நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வருடமும் பண்டிகைக்கு முன் மூன்று வாரம், பின் ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆனால் தனித்தனியாக எடுத்த இரண்டு கிராஃப்களின் எண்களை நேராகப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் உச்சம்தான் 100.

எந்த எழுத்தில் தேடினார்கள்?

இது நமக்கே உரிய பிரச்சினை. தமிழ் எழுத்தில் தைப்பூசம் என்று அடித்து, இடம் மொரீஷியஸ் என்று போட்டால் போதிய தரவு இல்லை என்றே வரலாம். அதைப் பார்த்து மனம் நொந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். நோக வேண்டாம். காவடி எடுக்கும் பையன் போனில் ரோமன் எழுத்தில்தான் தேடுகிறான்.

ரோமன் எழுத்திலும் ஒரே மாதிரி இல்லை. மொரீஷியஸ் விடுமுறைப் பட்டியலில் காவடி 'சி'யில் தொடங்கி இரண்டு 'ஈ'யில் முடியும். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் 'கே'யில் தொடங்கி 'ஒய்'யில் முடிப்பார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'கே'யில் தொடங்கி 'ஐ'யில் முடியும். தீபாவளியும் அப்படித்தான்: நம் அரசுப் பட்டியலில் ஒரு மாதிரி, பக்கத்து ரீயூனியனில் வேறு மாதிரி, இந்தியாவில் இன்னொரு மாதிரி. சென்னைப் பத்திரிகையில் பார்த்த எழுத்தை அப்படியே போட்டு, "மொரீஷியஸில் ஆர்வமில்லை" என்று முடிவுகட்டினால் அது யார் தப்பு? சாப்பாட்டுக்கும் இதே கதை. காவடி முடிந்து வாழையிலையில் பரிமாறும் செத் காரியை, அதாவது ஏழு கறிச் சாப்பாட்டை, ஒருவர் 7 என்ற எண்ணைப் போட்டுத் தேடுவார், இன்னொருவர் பிரெஞ்சு எழுத்தில், மற்றொருவர் கிரியோல் எழுத்தில்.

டிரெண்ட்ஸில் 'தேடல் சொல்' என்று கொடுத்தால் நீங்கள் அடித்த எழுத்தை மட்டும்தான் பார்க்கும். எழுத்துப் பிழையையும் மாற்று எழுத்தையும் சேர்க்காது. அதனால் எல்லா வடிவங்களையும் கூட்டல் குறி போட்டு ஒரே பெட்டியில் எழுதுங்கள், சேர்த்துக் கணக்கிடும். இன்னொரு வழி, அடிக்கும்போது கீழே விரியும் பட்டியலில் 'தலைப்பு' என்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பது. தலைப்பு என்றால் பல மொழித் தேடல்களையும் பொருள் பார்த்து ஒன்றாகச் சேர்க்கும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், கீழே வரும் தொடர்புடைய தேடல்களை ஒருமுறை படித்துவிடுங்கள். முருகன் என்று தேடினால் சாமியும் வரும், உணவகமும் வரும், அந்தப் பெயர் கொண்ட மனிதர்களும் வருவார்கள்.

இங்கே எனக்கு உண்மையில் வருத்தம் தருகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்தச் சமூகத்துக்கு மொழிப்பற்று அதிகம் என்று சிலர் ஒப்பிடுகிறார்கள். அந்தச் சொற்களோடு சேர்ந்து தேடப்படுவது பெரும்பாலும் படமும் பாட்டும்தான். ஒரு பெரிய படம் வந்த வாரத்தில் கோடு ஏறும். அதைப் பள்ளிக்கூடத்தில் மொழி படிக்கும் பிள்ளைகளோடு முடிச்சுப் போடுவது அநியாயம். பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் பள்ளியில்தான் கேட்க வேண்டும்.

சின்ன ஊர், சின்ன மாதிரி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை பெரிதாக இருந்து சோறு ஒரே சீராக வெந்திருந்தால் சரி. கைப்பிடி அரிசி வைத்த கிண்ணத்தில் ஒரு பருக்கையை எடுத்தால் எதுவும் சொல்ல முடியாது. டிரெண்ட்ஸ் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக எடுத்துத்தான் கணக்கிடுகிறது. மொரீஷியஸில் அபூர்வமாகத் தேடப்படும் ஒரு சொல்லுக்கு இன்று எடுத்த கிராஃபும் நாளை எடுத்த கிராஃபும் வேறு வேறாக இருக்கலாம். ஒரு வாரம் 0, மறு வாரம் 100, அடுத்தது 0 என்று ரம்பப் பல் மாதிரி தெரிந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. வெவ்வேறு நாட்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். அப்போதும் அமைதியாகவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

"உலகில் முதலிடம்" என்ற பெருமைக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நாடுகளின் வரிசையும் பங்கு வைத்துத்தான். மொத்தத் தேடல் குறைவாக உள்ள ஒரு தீவு, கோடிக்கணக்கில் தேடும் இந்தியாவைச் சதவீதத்தில் எளிதாக முந்திவிடும். தமிழ்நாட்டைவிட இங்கே அதிகம் பேர் தேடினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

தேடியவர் யார் என்பதும் தெரியாது. 2024-இல் 13 லட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் மொரீஷியஸுக்கு வந்தார்கள், நம் மக்கள்தொகையைவிட அதிகம். ஹோட்டலில் உட்கார்ந்து "இன்று ஊர்வலம் எங்கே, கடை திறந்திருக்குமா" என்று தேடுபவரும் மொரீஷியஸ் கணக்கில்தான் வருவார். விடுமுறை எந்தத் தேதி என்று மட்டும் பார்க்கிற, கோவில் பக்கமே வராத அலுவலக ஊழியரும் அதே கணக்கில்தான். பாட்டி தேடவே மாட்டார். அவருக்குத் தேதி தெரியும்.

ஏன் தேடினார்கள் என்று கிராஃப் சொல்லாது

இதில் கூகுளே பட்ட பாடு ஒன்று உண்டு. 2008-இல் 'கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காய்ச்சல், இருமல் என்று மக்கள் தேடுவதை வைத்து, அமெரிக்காவில் ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அரசுக் கணக்குக்கு முன்பே சொல்லிவிடலாம் என்பது எண்ணம். முதலில் உலகமே வியந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது குறைவாகக் கணித்தது. 2012-13 குளிர்காலத்தில் நேர்மாறாக, உண்மை அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. காய்ச்சல் இல்லாதவர்களும் செய்தி பார்த்து, பயந்து தேடியது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2015-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

2025-இல் ரீயூனியனில் சிக்குன்குன்யா பெரிதாகப் பரவியபோது, மொரீஷியஸில் அந்தச் சொல்லைத் தேடிய எல்லாருக்கும் காய்ச்சலா? அங்கே உறவினர் இருக்கிறார்கள், விமானம் போய் வருகிறது, கவலைப்பட்டுத் தேடுவார்கள். நோய்க் கணக்குக்குச் சுகாதார அமைச்சின் எண்ணைப் பாருங்கள். தேடல் காட்டுவது மக்களின் கவலையை. அதுவும் முக்கியம்தான், விளக்கக் கூட்டம் போட வேண்டிய நேரம் அது.

சின்னதாக இன்னும் சில. ஆண்டு இறுதியில் கூகுள் வெளியிடும் 'இந்த ஆண்டின் தேடல்கள்' பட்டியல், அதிகம் தேடப்பட்டவற்றின் பட்டியல் அல்ல. முந்தைய ஆண்டைவிட வேகமாக ஏறியவற்றின் பட்டியல். தினமும் தேடப்படும் யூடியூபும் வானிலையும் அதில் இல்லாதது அதனால்தான். தொடர்புடைய தேடல்களில் சதவீதத்துக்குப் பதில் 'திடீர் எழுச்சி' என்பதுபோல ஒரு சொல் இருந்தால், 5,000 சதவீதத்துக்கும் மேல் கூடியது என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து கிளம்பினால் அது சின்ன எண்தான். அப்புறம், தேடல் பெட்டியில் தானாக வந்து விழும் பரிந்துரைகளை ஊர்க் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இடம், மொழி, நீங்கள் முன்பு தேடியது எல்லாம் கலந்து வருவது அது.

கடைசியாக, யூடியூபை மறந்துவிடுவது. டிரெண்ட்ஸ் திறந்ததும் இணையத் தேடலைத்தான் காட்டும். மேலே இருக்கும் பட்டியலில் யூடியூப் தேடல் என்று மாற்றலாம், 2008 முதல் தரவு இருக்கிறது. முருகன் பாட்டும் கோலமும் சமையலும் பிள்ளைகள் தேடுவது அங்கேதான். வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் கேட்பது இந்தக் கிராஃபில் வரவே வராது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால், சொல் எந்த எழுத்தில், சொல்லா தலைப்பா, எந்த இடம், எந்தக் காலம், இணையமா யூடியூபா, எந்த நாளில் எடுத்தது என்று ஆறையும் அதன் கீழே எழுதித் தரச் சொல்லுங்கள். வகுப்பில் சேரும் படிவத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த வகுப்பைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?