ரோட்டேக்ஸ் எடுக்கும்போது காடி இன்சூரன்ஸ்ல இன்னொரு பெயரையும் சேர்த்துடுங்க

சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுக்கு ஒரே காடி. ஓட்டுறவங்க நாலு பேர். இன்சூரன்ஸ்ல இருந்ததோ என் பேர் மட்டும். தோட்டத்துக் கோயில் திருவிழா அன்னைக்கு, மச்சான் ரிவர்ஸ் எடுத்து பின்சக்கரத்தை லோங்கானுக்குள்ள, அதான் சாக்கடைக்குள்ள, இறக்கிட்டார். பம்பர் தொங்கிப்போச்சு. கிளெய்ம் கிடைச்சது, ஆனா முதல் 400 வெள்ளி எங்க கைக்காசு.

மலேசியாவுல சொந்தக் காடிக்கான முழு பாலிசியில இது வழக்கமான விதி. ஓட்டினவர் பேர் பாலிசியில இல்லைன்னா, நம்ம காடியைச் சரிசெய்யற செலவுல 400 வெள்ளியை நாமதான் போடணும். பேர் சேர்க்க ஆகுற செலவோ சொற்பம். கூடுதலா ஒரு ஆளுக்கு 10 வெள்ளி அளவுதான் கேப்பாங்க. வீட்டுல ஆள் நிறைய, ஆளாளுக்குச் சாவியைத் தூக்குவாங்கன்னா, ‘எல்லா ஓட்டுநரும்’னு ஒரு கூடுதல் பாதுகாப்பு இருக்கு, அதைக் கேளுங்க. எனக்கு அதுதான் நிம்மதி.

ஒண்ணு மட்டும் ஏமாந்துடாதீங்க. 21 வயசு ஆகாத பையன், இல்ல ‘பி’ லைசன்ஸ் (புதுசா ஓட்டுறவங்களுக்கான தற்காலிக லைசன்ஸ்) வச்சிருக்கிற பொண்ணு ஓட்டினா, பேர் இருந்தாலும் அந்த 400 வெள்ளி விதி உண்டு.

அடுத்த ரோட்டேக்ஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஐசி நம்பரோட ஏஜெண்டுகிட்ட சொன்னா நடுவுலயே சேர்த்துடலாம். ‘சேர்த்தாச்சு அண்ணே’ங்கிற வாட்ஸ்அப்பை நம்பாம, பாலிசித் தாள்ல பேர் ஏறியிருக்கான்னு நீங்களே பாருங்க.