திடலில் விழுந்தால் முதலில் சிலாப்பைப் படம் எடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற டவுன் எங்களுடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துக்காரர்கள் பாதிப் பேர் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டார்கள். பொங்கல் விழா, தீபாவளிச் சந்தை எல்லாம் ஊராட்சி மன்றத்தின் திடலில்தான். இங்கே ஒரு லோயர் ஆபீசில் 22 வருடம் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவன் நான். அந்தத் திடலில் விழுந்து அடிபட்டால் இழப்பீடு கேட்க என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு பொங்கல் விழாவில் மேடைக்குப் பின்னால் இருந்த லோங்காங்கில் (வடிகாலில்) என் அத்தை விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அதை மூடும் சிலாப்புகளில் ஒன்று இல்லை. அந்த இடத்தில் யாரோ அட்டைப் பெட்டியைப் பரப்பி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நான் போனபோது புதுச் சிலாப் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! நல்ல வேளை, பக்கத்து வீட்டுப் பெண் மகளின் கோலாட்டத்தைப் போனில் பிடித்திருந்தாள். வீடியோவின் ஓரத்தில் அந்த அட்டை தெரிந்தது.

அதனால், அடிபட்டவரை ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டும், இன்னொருவர் அங்கேயே நிற்கட்டும். பள்ளம், அதன் ஆழம் தெரியப் பக்கத்தில் ஒரு செருப்பு, வெளிச்சம் எப்படி இருந்தது, மேடை எவ்வளவு தூரம், பேனரில் ஏற்பாட்டாளர் பெயர், எல்லாவற்றையும் அன்று இரவே எடுத்துவிடுங்கள். பார்த்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பரும் வேண்டும்.

ஆஸ்பத்திரியில்தான் நம்மவர்கள் சொதப்புவது. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு அத்தை, "வழுக்கிருச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரிப் பதிவில் அப்படியே ஏறிவிட்டது. திடல், மூடாத லோங்காங், என்ன நேரம் என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள். பிறகு போலீஸ் ரிப்போர்ட். அதிலும் இதே விவரம் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதிர்த்தரப்பு லோயருக்குக் கொண்டாட்டம்தான்.

சரி, இழப்பீட்டை யாரிடம் கேட்பது? மன்றத்தைக் கேட்டால், "திடலை வாடகைக்கு விட்டோம், ஏற்பாட்டுக் குழுவைக் கேளுங்கள்" என்றார்கள். குழுவோ, "லோங்காங் மன்றத்துடையது" என்றது. அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, ஆபத்து யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. லோங்காங்கைப் பராமரிப்பது மன்றம், மக்கள் நடக்கும் வழியை அதன் பக்கமாகத் திருப்பி லைட் போடாமல் விட்டது குழு. சந்தேகமிருந்தால் இரண்டு பேருக்கும் கடிதம் அனுப்புங்கள். எது நடந்தாலும் குழுவே பொறுப்பு என்று மன்றம் குழுவுக்குக் கொடுத்த திடல் பெர்மிட்டில் எழுதியிருந்தாலும், அது அவர்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம். அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போடவில்லையே.

மன்றத்தின் மேல் கேஸே போட முடியாது என்று காப்பிக்கடையில் சொல்வார்கள். ஹைலண்ட் டவர்ஸ் கேஸை இழுப்பார்கள். 1993இல் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் இடிந்து 48 பேர் இறந்தார்கள். 2006இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது உண்மைதான். ஆனால் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, கட்டட வேலை சம்பந்தமாக மன்றத்துக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு. உங்கள் சிலாப்புக்கும் அது பொருந்துமா என்பதை லோயர் பார்க்கட்டும்.

காலக்கெடுதான் பெரிய கண்ணி. சாதாரண அலட்சிய வழக்குக்குத் தீபகற்ப மலேசியாவில் 6 வருடம் உண்டு. மன்றத்தின் மேல் என்றால் 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். மன்றத்தோடு கடிதம் போய்வந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் காலம் நிற்காது. எங்கள் ஆபீசுக்கு நாலாவது வருடம் பைலோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

போனைப் பார்த்துக்கொண்டே நடந்தீர்கள் என்று நிரூபணமானால் உங்கள் பங்குக்கு இழப்பீட்டைக் குறைப்பார்கள், அதற்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் இடமுண்டு. எனவே நடந்ததை மறைக்காமல் உங்கள் லோயரிடமாவது சொல்லிவிடுங்கள். டாக்சி ரசீது, மருந்துச் சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அத்தை முறுக்கு சுட்டு விற்பவர், ரசீது ஏது? மாவு வாங்கிய கடைக் கணக்கு நோட்டைத்தான் கொண்டுபோய்க் காட்டினோம்.

லோயருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் ஈப்போவில் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. ஐசியும் (அடையாள அட்டையும்) வருமானச் சீட்டும் கொண்டுபோங்கள்.