குழாய் திடீரென்று ஒழுகினால்: முதலில் வால்வு, அப்புறம் வாளி

குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது பெரும்பாலோர் ஓடிப்போய் எடுப்பது வாளியையும் துடைக்கும் துணியையும்தான். வரும் தண்ணீரை நிறுத்தாமல் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்.

படி 1: மூடுங்கள்

வாஷ் பேசின், கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றின் இணைப்புக் குழாய் ஒழுகினால், அருகே சுவரில் இருக்கும் சிறிய ஆங்கிள் வால்வை வலப்பக்கம் திருகினால் போதும். வேறு இடமென்றால் வீட்டின் மெயின் வால்வு. மாடியில் தொட்டி இருந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையும் மூடுங்கள். இல்லையென்றால் தொட்டி காலியாகும்வரை ஒழுகும்.

நீளக் கைப்பிடி உள்ள பால் வால்வு (ball valve) கால் சுற்றில் மூடிவிடும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. வட்டப்பிடி உள்ள கேட் வால்வுக்குப் பல சுற்று தேவை. நெடுநாள் தொடாத கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறியலாம். இப்படியும் அப்படியும் சிறிது சிறிதாக அசைத்து இளக்குங்கள்.

(உங்கள் வீட்டு வால்வுகள் எங்கே என்று தெரியாதா? எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.)

படி 2: மின்சாரம்

சுவிட்ச், விளக்கு அருகே தண்ணீர் போயிருந்தால் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள். ஈரத்தில் நின்றுதான் மின்பெட்டியைத் தொட முடியும் என்றால் தொடவே வேண்டாம்; விலகி நின்று எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கீசரையும் அணைத்துவிடுங்கள்.

படி 3: வடியவிடுங்கள்

வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்துவிட்டால் உள்ளே தேங்கியது இறங்கிவிடும்.

படி 4: எங்கிருந்து?

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து வேறெங்கோ விழும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வால்வைச் சற்றே திறந்து, காய்ந்த காகிதத்தால் மேலிருந்து கீழாக ஒற்றிப் பாருங்கள். முதலில் நனையும் இடமே மூலம்.

எப்போதும் ஒழுகினால் பெரும்பாலும் தண்ணீர் வரும் குழாயில் கோளாறு. குளித்தாலோ பாத்திரம் கழுவினாலோ மட்டும் ஒழுகினால் கழிவுநீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையா? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். அப்போதும் ஓடினால் எங்கோ கசிகிறது.

படி 5: தற்காலிகக் கட்டு

வெளியே தெரியும் குழாயில் விரிசல் என்றால், ஈரம் துடைத்து, பழைய சைக்கிள் டியூப் துண்டை இறுக்கிச் சுற்றி, ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) போட்டு முடுக்குங்கள். டெஃப்லான் டேப்பை வெளியே சுற்றிப் பயனில்லை. அது மரையின் (குழாய் முனையிலுள்ள திருகுப் புரியின்) மேல் சுற்றி உள்ளே திருகுவதற்கானது. இணைப்பைக் கழற்றி, மரையைத் துடைத்து, திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

கட்டியபின் வால்வை மெல்லத் திறந்து பாருங்கள். நின்றுவிட்டாலும் பிளம்பர் வரும்வரை ஆளில்லாத நேரத்தில் மெயின் வால்வை மூடியே வையுங்கள். சுவருக்குள் கசிவு என்றால் இந்தப் படியைத் தாண்டி நேரே பிளம்பர்தான்.